சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு: குறையும் வாடகை கையில் தங்க வேண்டுமானால்

சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கும் போக்குவரத்துக்கும் போய்விடுகிறது, வேலையோ பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது, அப்படியிருக்க வாடகை குறைவான ஒரு கடற்கரை ஊரில் போய்க் குடியிருந்தால் என்ன என்ற எண்ணம் இன்று பல வீடுகளில் பேச்சாகிறது. நாங்கள் 2022 மே மாதத்தில் மேடவாக்கத்திலிருந்து தூத்துக்குடிக்குக் குடிவந்தோம். அதன்பிறகு தெரிந்தவர்கள் சிலருக்கு இங்கே வீடு பார்க்கவும் உதவியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்பதைத்தான். வாடகையில் குறைகிற தொகையில் எவ்வளவு மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் நிற்கும் என்பதை யாரும் கேட்பதில்லை. அந்த இரண்டு தொகைக்கும் நடுவில் உப்புத் தண்ணீர், ரயில் டிக்கெட், மழைக்காலம், வருமான வரி எனப் பல செலவுகள் இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே கணக்கில் எழுதியவர்களுக்கு இந்த ஊர் நன்றாகவே கைகொடுக்கிறது.

முதலில் தாளும் பேனாவும்

எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மேடவாக்கத்தில் வாடகை 18,500 ரூபாய், பராமரிப்புக் கட்டணம் 2,500 ரூபாய், ஆக 21,000. இங்கே இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 9,500 ரூபாய் பேசினோம். வித்தியாசம் 11,500. மகளின் பள்ளி வேன் கட்டணத்தில் 1,600, பெட்ரோலில் 2,000 குறைந்தது. இதுவரை 15,100. இனி எதிர்ப்பக்கம். குடிநீர் கேனும் எப்போதாவது வாங்கும் லாரித் தண்ணீரும் மாதம் 900, வேலைக்காக இரண்டாவது இணைய இணைப்பு 600, சென்னையில் இருக்கும் பெற்றோரைப் பார்க்கப் போய்வரும் செலவு ஆண்டு முழுவதற்கும் பிரித்துப் பார்த்தால் மாதம் 2,200. ஆக 3,700 கழிந்து, உண்மையில் மிஞ்சியது 11,400 ரூபாய்.

குடிபெயர்ந்த செலவு தனி. லாரிக்கும் ஆட்களுக்கும் 32,000, பழைய வீட்டு அட்வான்ஸில் பெயின்ட் செலவென்று பிடித்துக்கொண்டது 12,000, இரண்டு ஊரிலும் வாடகை கொடுத்த ஒரு மாதத்துக்கு 9,500, தரகருக்கு ஒரு மாத வாடகை 9,500, இன்வெர்ட்டர், தண்ணீர் வடிகட்டி, கொசுவலை அடித்த சட்டங்கள் ஆகியவற்றுக்கு 15,000. கூட்டினால் 78,000 ரூபாய் வருகிறது. மாதம் 11,400 வீதம் பார்த்தால் ஏழாவது மாதம் முடிகிறபோதுதான் போட்ட பணம் திரும்புகிறது. ஓர் ஆண்டுக்குள் திரும்பிவிடுவோமோ என்ற சந்தேகம் இருப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் பார்த்தே முடிவை ஒத்திவைக்கலாம். எங்கள் எண்கள் உங்களுக்குப் பொருந்தாது. கணக்குப் போடும் வரிசை பொருந்தும்.

மாதச் சம்பளக்காரர்கள் இன்னொரு வரியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்பவர்களுக்கு, செலுத்தும் வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்து வரும் தொகையும் ஒரு வரம்பு. அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் என்றால், 18,500 வாடகைக்கு 13,500 வரை விலக்குக் கிடைத்த இடத்தில் 9,500 வாடகைக்கு 4,500 மட்டுமே கிடைக்கும். 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு மாதம் 1,800 ரூபாயும் அதன்மேல் கூடுதல் வரியும் மிச்சத்திலிருந்து கழியும். மேலும், சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதமாக இருக்கும் மற்றொரு வரம்பு தூத்துக்குடிக்கு 40 சதவீதம்தான். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதைவிடப் பெரிய கேள்வி, ஊர் மாறினால் உங்கள் நிறுவனம் சம்பளத்தைக் குறைக்குமா, மாதத்தில் சில நாட்கள் அலுவலகத்துக்கு வரச் சொல்லுமா என்பது. மேலாளரின் வாய்வார்த்தையை நம்பி லாரி பேசாதீர்கள்; மின்னஞ்சலில் பதில் வாங்கிய பிறகு வீடு தேடுங்கள்.

நவம்பரில் வந்து பாருங்கள்

பிப்ரவரியில் வந்து கடற்கரைச் சாலையில் மாலை நேரம் நடந்தால் எவருக்கும் இந்த ஊர் பிடித்துவிடும். முடிவெடுக்க அந்த மாதம் உதவாது. இங்கே மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் வரையில்தான் பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலேயே கொட்டிவிட்டு, ஜூன், ஜூலையில் நமக்கு வறண்ட காற்றையும் புழுதியையும் மட்டும் அனுப்புகிறது. ஆகவே நவம்பரில் மூன்று வாரம், மாத வாடகை அறையிலோ உறவினர் வீட்டிலோ தங்கி, அங்கிருந்தே வேலை பார்த்து, சமைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். முடிந்தால் மே மாதத்தில் நான்கு நாள் வந்து வெயிலையும் புழுக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த மழையை இந்த மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது, ரயில்கள் நின்றன, நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. எங்கள் தெருவில் இடுப்பளவு நின்றது. நாங்கள் முதல் மாடியில் இருந்ததால் வீட்டுச் சாமான்கள் தப்பின. கீழே நிறுத்தியிருந்த இருசக்கர வாகனம் தப்பவில்லை.

அதனால் வீடு பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது சுவரைத்தான். 2024இல் நண்பர் ஒருவருக்காகத் தரைத்தள வீடு ஒன்றைப் பார்க்கப் போனோம். வீட்டுக்கார அம்மா மிகவும் அன்பாகப் பேசினார். "தம்பி, தண்ணி வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா வாசப்படியோட நின்னுட்டு" என்றார். உள்ளே போனால் கூடத்தில் மூன்றடி உயரம்வரை மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. தரையோரம் இருக்க வேண்டிய பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் பலகை வைத்து மூடப்பட்டு, புதிய பெட்டிகள் மார்பு உயரத்தில் பொருத்தப்பட்டிருந்தன. தெருமுனை டீக்கடையில் விசாரித்தோம். "நாலு நாளு கட்டில் மேல அடுப்ப வச்சு சமைச்சோம் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அந்த வாடகையை நம்பித்தான் அவர் வீட்டைச் சரிசெய்திருக்கிறார். ஆனால் நண்பருக்கு அந்த வீட்டை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தரைத்தளத்தைவிட முதல் மாடிக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டாலும் முதல் மாடியையே எடுங்கள். நகரின் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் பக்கிள் ஓடை எங்கே ஓடுகிறது, நீங்கள் பார்க்கும் தெரு அதைவிடத் தாழ்வாக இருக்கிறதா, பக்கத்து மனைகளில் சீமைக்கருவேலமும் கோரையும் மண்டிக் கிடக்கின்றனவா என்று நடந்து பாருங்கள். கோரை வளர்ந்த மனை தண்ணீர் தேங்கும் மனை. 2023 டிசம்பரில் இந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்ற கேள்வியைக் குறைந்தது மூன்று வீடுகளில் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கடைசியாகக் கேளுங்கள்.

தண்ணீரும் உப்புக் காற்றும்

தூத்துக்குடிக்குக் குடிநீர் தாமிரபரணியிலிருந்து வருகிறது; வல்லநாட்டில் எடுத்துக் குழாய் வழியாக நகருக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தத் தண்ணீர் நன்றாக இருக்கும். சிக்கல் ஆழ்துளைக் கிணற்றில். சுற்றிலும் உப்பளங்கள் இருக்கும் ஊரில், கடலுக்கு அருகிலுள்ள பல தெருக்களில் போர் தண்ணீர் உவர்ப்பாகவே இருக்கிறது. பல வீடுகளில் சமையலறைக்கு மட்டும் மாநகராட்சித் தண்ணீரும் குளியலறைக்குப் போர் தண்ணீரும் வரும்படி குழாய் போட்டிருப்பார்கள். வீட்டைக் காட்டுகிறவர் சமையலறைக் குழாயைத் திறந்து காட்டினால் போதாது.

பையில் ஒரு சிறு குளியல் சோப்புத் துண்டை எடுத்துச் செல்லுங்கள். குளியலறைக் குழாயில் கையை நனைத்துச் சோப்பைத் தேயுங்கள். நுரைக்காமல் தயிர் திரிந்ததுபோல வெள்ளையாகப் பிசுபிசுத்தால், அந்தத் தண்ணீரில் துணி வெளுக்காது, தலைமுடி கொட்டும் என்ற புலம்பல் வீட்டில் தொடங்கும், கீசரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் பழுதாகும். குழாய் முனையில் வெள்ளைப் படிவு கட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் வருகிறது, தரைத்தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும், எத்தனை குடும்பங்கள் அதைப் பங்கிடுகின்றன என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரிய தரைத்தொட்டி உள்ள வீட்டுக்குக் கூடுதலாக 500 ரூபாய் கொடுப்பது நல்ல பேரம்.

கடற்காற்று இரும்பை விட்டுவைக்காது. வாசற்கதவின் கீலிலும், சன்னல் கம்பியின் அடிப்பகுதியிலும், மாடிப்படிக் கைப்பிடியிலும் துரு எவ்வளவு தூரம் அரித்திருக்கிறது என்று பார்த்தால் உங்கள் சாமான்களின் கதி தெரிந்துவிடும். ஏ.சி.யின் வெளி யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். எங்களுடையது இரண்டாம் ஆண்டிலேயே தகடுகள் உதிர்ந்து, மாற்றியதில் ஒரு மாதத்து மிச்சம் முழுவதும் போயிற்று. கடலிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருப்பது சாமான்களுக்கும் நல்லது, வாடகைக்கும் நல்லது. துறைமுகம், அனல்மின் நிலையம் பக்கம் வீடு பார்ப்பவர்கள், காலையில் மொட்டைமாடித் தரையை வெள்ளைத் துணியால் துடைத்து நிலக்கரித் தூள் ஒட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். குழந்தைகளுக்கு இழுப்பு இருந்தால் இதில் சமரசம் வேண்டாம்.

வாடகையா, ஒத்தியா?

சென்னையில் 'லீஸ்' என்று சொல்வதைத் தென்மாவட்டங்களில் ஒத்தி என்பார்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, போகும்போது கொடுத்த தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. ஐந்து லட்சம் ரூபாய் ஒத்தி என்றால், அந்தப் பணத்துக்கு 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 35,000, மாதம் ஏறத்தாழ 2,900 ரூபாய் இழக்கிறீர்கள். 9,500 வாடகையோடு ஒப்பிட்டால் பெரிய லாபம். சேமிப்பதற்காகவே வருகிறவர்களை இது எளிதாக ஈர்த்துவிடும்.

ஆனால், யாருக்கு ஐந்து லட்சம் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதை யோசியுங்கள். வீட்டின்மேல் ஏற்கெனவே கடன் இருந்து, அது கட்டப்படாமல் போனால், வங்கி வீட்டை எடுக்க வரும்போது உங்கள் பணம் மாட்டிக்கொள்ளும். வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள். அது போதாது; மூலப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். பத்திரம் வங்கியில் இருக்கிறது என்றால் அந்த வீடு வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தாலும், வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வீட்டுக்காரர் பதிவுக்குத் தயங்கினால் வாடகைக்கே போங்கள். முதல் ஆண்டில் ஒத்திக்குப் போகவே வேண்டாம் என்பது என் கருத்து, ஏனென்றால் ஊர் ஒத்துவருமா என்று தெரியுமுன் ஐந்து லட்சத்தை முடக்குவது சரியல்ல.

வாடகைக்கு எடுத்தாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது. வேறு உடன்பாடு இல்லாதபோது அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. காலி செய்யும்போது பெயின்ட் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். 12,000 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டது அது. மின் மீட்டர் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் இலவசம் என்ற சலுகை, ஒரே மீட்டரில் வீட்டுக்காரர் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டால் உங்களுக்கு வந்து சேராது. மாலையும் இரவும் ஏ.சி. ஓடினால் 500 யூனிட்டைத் தாண்டிவிடும்; தாண்டினால் கட்டண அடுக்கே மாறும்.

வேலை, மருத்துவம், பயணம்

மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் நிறுத்தப்படும். முதல் நாளே நாளிதழில் அறிவிப்பு வரும், எனவே அந்த நாளில் முக்கியமான கூட்டங்களை வைத்துக்கொள்ளாதீர்கள். இன்வெர்ட்டரும், இரு வேறு நிறுவனங்களின் இணைய இணைப்புகளும் ஆடம்பரம் அல்ல. வேலை போய்விட்டால் இந்த ஊரிலேயே அதே சம்பளத்துக்கு இன்னொரு வேலை உடனே கிடைக்குமா என்பதையும் நேர்மையாக யோசியுங்கள். 2024 டிசம்பரில் இங்கே நியோ டைடல் பூங்கா திறக்கப்பட்டது, 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை தொடங்கியது. வாய்ப்புகள் கூடுகின்றன, அவற்றோடு வாடகையும் கூடும். ஆறு மாதச் செலவுக்கான பணம் கையிருப்பில் இல்லாமல் யாரும் கிளம்ப வேண்டாம்.

வழக்கமான சிகிச்சைகளுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும் ஊரிலேயே உள்ளன. பெரிய சிகிச்சை என்றால் சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் திருநெல்வேலிக்கோ, அதைத் தாண்டி மதுரைக்கோ போக வேண்டியிருக்கும். உங்கள் மருத்துவக் காப்பீட்டில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறக்கூடிய மருத்துவமனைகள் தூத்துக்குடியிலும் நெல்லையிலும் எவை என்று பட்டியலைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோரையும் உடன் அழைத்து வருபவர்களுக்கு இது வாடகையைவிட முக்கியம்.

சென்னைக்குப் போய்வர எங்களுக்குக் கைகொடுப்பது முத்துநகர் எக்ஸ்பிரஸ் ரயில்தான். இரவு ஏறினால் காலையில் எழும்பூர். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்குகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்தக் காலையிலேயே டிக்கெட் எடுக்காவிட்டால், ஆம்னி பேருந்துக்கும் விமானத்துக்கும் கொடுக்கும் பணம் இரண்டு மாத மிச்சத்தைக் கரைத்துவிடும்.

கடற்கரை ஊரில் மீன் மலிவு என்பதும் பாதி உண்மைதான். சீலா, பாறை போன்ற நல்ல மீன்கள் ஏலத்திலேயே வெளியூருக்கும் ஏற்றுமதிக்கும் போய்விடுகின்றன. மலிவாகக் கிடைப்பவை சாளையும் நெத்திலியும்தான். விசைப்படகுகள் அதிகாலையில் போய் இரவில் திரும்புவதால், மீன்பிடித் துறைமுகத்தில் இரவு ஏலம் நடக்கும்போது போனால் பத்து மணிக்கும் துள்ளும் மீன் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாட்களும் விலை ஏறும். ஆகஸ்ட் விலையை வைத்து ஆண்டுக் கணக்குப் போட வேண்டாம்.

சாமான் ஏற்றும் முன்

பள்ளி திறக்குமுன் வந்து சேர, மே முதல் வாரத்தில் குடிபெயர்வது வசதி. பள்ளி இடத்தை அதற்கு முன்பே உறுதி செய்துகொண்டுதான் மாற்றுச் சான்றிதழ் கேட்க வேண்டும். குடும்ப அட்டை, எரிவாயு இணைப்பு, ஆதார் முகவரி, வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 8 ஆகியவற்றைப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தத்தை வைத்து முதல் மாதத்திலேயே முடித்துவிடலாம். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் வாகனத்துக்குத் தடையில்லாச் சான்று வாங்கி வர வேண்டும். வேறு மாநிலப் பதிவெண்ணோடு 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது, இங்கே சாலைவரி கட்டி மறுபதிவு செய்தாக வேண்டும். பழைய இரும்புக் கட்டில், பழைய பீரோ ஆகியவற்றைப் பழைய ஊரிலேயே விற்றுவிட்டு வந்தால் லாரிக் கட்டணமும் குறையும், துருவுக்கும் இரை போடாமல் இருக்கலாம்.

புது வீட்டில் பால் காய்ச்சிய வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் கணக்கில் மாதம் மிஞ்சும் என்று எழுதிய தொகையை, சம்பளம் வரும் நாளிலேயே தொடர் வைப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக்கொடுங்கள். நாங்கள் அதை முதல் எட்டு மாதங்கள் செய்யவில்லை. வாடகை குறைந்த தெம்பில் வார இறுதிகளில் திருச்செந்தூர், மணப்பாடு, குற்றாலம் என்று கார் எடுத்துச் சுற்றியதில், எட்டு மாத முடிவில் பாஸ்புக்கில் நின்றது மேடவாக்கத்தில் இருந்தபோது நின்ற அதே தொகைதான். ஒன்பதாம் மாதம் முதல் 10,000 ரூபாய் சம்பள நாளன்றே போய்விடுகிறது. மீதி 1,400இல் சுற்றுகிறோம்.